கண்ணை மூடாத ஜெபம்

கப்பலூர்ப் பக்கத்து ரயில்வே கேட்டில் வேலை பார்த்த என் அக்காள் கணவர் மாசிலாமணி இறந்த செய்தி வந்தபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். தண்டவாளத்தில் வேலை செய்கிற ஒருவர் வாசலில் நின்று, "அக்கா, கேட்டுக்காரரு கண்ண மூடிட்டாரு" என்றார்.

"அந்த மனுசன் கோயில்லயே கண்ண மூட மாட்டாரேப்பா" என்று சொல்லிவிட்டேன். வந்தவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்ததும்தான் எனக்கு விளங்கியது. அரிசியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

இதை வாசிக்கிற நம் சபையார் எல்லாருக்கும் அவரைத் தெரியும். கண்ணைத் திறந்துகொண்டே ஜெபிக்கிறார் என்று குறை சொன்னவர்களும் உங்களில் உண்டு. உபதேசியார் ஒருநாள் கேட்டேவிட்டார். "மூடிப் பழக்கம் விட்டுப்போச்சுய்யா" என்றார் மச்சான். "கேட்டுல நான் கண்ண மூடுனா, ரயில்ல வர்றவுக கண்ண மூடிருவாக." ஞாயிற்றுக்கிழமைகளில் பாதி நாள் அவர் ஆராதனைக்கு வந்ததில்லை. எங்கே போனீர் என்று கேட்டால், "ஊழியத்துக்கு" என்பார். கேட்டைச் சாத்துவதெல்லாம் ஒரு ஊழியமா என்று நானே சிரித்திருக்கிறேன். அவர் சிரிக்க மாட்டார்.

ஆனால் ஒரு நாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அக்காவுக்குத் தலைப்பிரசவம், எங்கள் தாய்வீட்டில் இருந்தாள். வலி எடுத்து வெகுநேரமாகியும் பிள்ளை வரவில்லை. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். மதுரை ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டுவண்டியில் வைக்கோலைப் பரப்பி அக்காவைப் படுக்க வைத்தோம். என் அண்ணன் வண்டியை ஓட்டினான். வந்து பார்த்தால் கேட் அடைத்திருக்கிறது. காவல் நிற்பவர் மச்சான்.

"மச்சான், தொறங்க! அக்கா துடிக்கிறா!"

"ஸ்டேசன்லருந்து மணி அடிச்சுட்டாக. ரயில் போகட்டும்மா."

"ரயிலையே காணோமே!"

"வளைவு மறைக்குது. வண்டி மேட்டுல ஏறி, சக்கரம் தண்டவாளத்துல மாட்டுச்சுன்னா அம்புட்டுத்தான்."

அக்கா உள்ளேயிருந்து அவரைக் கூப்பிட்டாள். வந்து அவள் நெற்றியில் கை வைத்தார். உடனே கேட்டுக்குத் திரும்பிவிட்டார். அண்ணன் வண்டியிலிருந்து குதித்தான். "நீயெல்லாம் மனுசனாய்யா?" என்று சாட்டைக் கம்பால் அவர் தோளில் அடித்தான். "அடி மாப்ள. கேட்ட மட்டும் தொடாத" என்றார். அக்காவின் அலறல் தாங்க முடியாமல் நான் கண்ணை இறுக மூடி ஆண்டவரைக் கூப்பிட்டேன். திறந்து பார்த்தபோது மச்சானின் உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன. கண்ணீர் தாரை தாரையாக ஓடியது. கண் மட்டும் அந்த வளைவை விட்டு நகரவில்லை. அந்தக் கண்ணைத் தோண்டி எடுத்தால் என்ன என்றிருந்தது எனக்கு.

ரயில் வந்தது. ஜன்னல் ஜன்னலாக முகங்கள் கடந்து போயின. பச்சைக்கொடியை இறக்கிவிட்டுக் கேட்டைத் திறந்தார். "நீங்களும் வாங்க மச்சான்" என்றேன். "மாத்தி நிக்க ஆளில்ல. போங்க, வாரேன்" என்றார்.

அக்கா பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் மூச்சிரைக்க வந்து நின்றவரை, வார்டு முழுக்கக் கேட்கும்படி, "காக்க வச்சே கொன்னுட்டீங்களே!" என்று கத்தினேன். "அந்த ரயில்லயும் புள்ளத்தாச்சிக இருந்திருப்பாகளேம்மா" என்றார். சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார். கொஞ்சம் முன்னதாக வந்திருந்தால் பிள்ளை தங்கியிருக்குமா என்று டாக்டரம்மாவிடம் கேட்க எங்கள் யாருக்கும் தைரியம் வரவில்லை.

அக்கா வெகுநாள் அவரோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் தானாகவே சோற்றுத்தூக்கை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனாள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்டதில்லை. அவர்களுக்கு அப்புறம் பிள்ளையே இல்லை. இறந்தவரைப் பற்றி எழுதுகிறேன் என்பதற்காக என் கோபம் முழுதும் ஆறியிருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன்.

கல்லறைத் தோட்டம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோது கேட் அடைத்திருந்தது. புதிதாக வந்திருக்கும் கேட்டுக்காரர் பதறி ஓடிவந்தார். "பட்டாளத்து ரயிலு வருதாம் அக்கா, எப்ப வருமோ தெரியல. அண்ணனையா நிப்பாட்டி வைக்கிறது? தொறந்து விட்டுர்றேன்" என்றார்.

அக்கா பெட்டியின் மேல் கை வைத்தாள். "வேண்டாம்பா. ரயில் போகட்டும்."

பெட்டியை இறக்கி வைத்தார்கள். போதகர் கண்களை மூடி ஜெபிக்கச் சொன்னார்; எல்லாரும் மூடினார்கள். அக்கா மூடவில்லை. வளைவையே பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் பார்த்தேன். ரயில் வந்தது. மீசை அரும்பாத பையன்கள், சண்டைக்குப் போகிறவர்கள், ஜன்னல்களில் நெருக்கியடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்கள். "பத்திரமாப் போயிட்டு வாங்கய்யா" என்றாள் அக்கா.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது கண்ணை மூடாத அந்த ஜெபத்தைத்தான். அன்றைக்கு அந்தக் கேட்டில், கடைசிப் பெட்டி கண்ணை விட்டு மறையும்வரை, நானும் அதைக் கண்ணைத் திறந்துகொண்டே சொன்னேன்.