விரத வீட்டில் வளர்ந்த தாடி

முதல் முடி என் தாடைக்கு அடியில், இடப்பக்கம் முளைத்தது. அப்போது நான் பத்தாம் வகுப்பு. பூனைமுடி இல்லை, பன்றி மயிர்போல் கட்டையாக, கறுப்பாக இருந்தது. பிடுங்கினேன். ரத்தம் வந்தது. சுற்றி இன்னும் நாலைந்து வந்தன. அவற்றையும் பிடுங்கினேன். சீழ் கட்டியது. ஊசியைச் சுட்டுக் குத்தி எடுத்தேன். என் முகத்தை நானே பகையாளியாகப் பார்க்கத் தொடங்கியது அப்போதுதான்.

மாதவிலக்கும் தள்ளித் தள்ளித்தான் வரும். திசையன்விளையில் எங்கள் அம்மா மஞ்சளை உரசித் தேய்த்துவிட்டு, "கல்யாணம் ஆனா சரியாயிரும்ட்டி" என்றாள். சரியாகவில்லை. கல்யாணத்துக்குள் மேலுதடு, கன்னத்தோரம், தொப்புளுக்குக் கீழே என்று பரவிவிட்டது.

தச்சநல்லூரில் வாக்கப்பட்டேன். கணவருக்கு லோடு வண்டி ஓட்டும் வேலை. வீட்டில் அவரும் மாமியாரும் நானும்தான். விடியுமுன் எழுந்து குளிக்கும்போது அவருடைய ரேசரால் மழித்துவிட்டு, கழுவித் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்துவிடுவேன். பிறகு முகத்துக்கு மஞ்சள், சாமி மாடத்தில் அம்மாள் படத்துக்கு விளக்கு. அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

ஒரு வருஷம் கணவர் குலசேகரன்பட்டினம் தசராவுக்கு மாலை போட்டார். காளி வேஷம் கட்டி, காணிக்கை பிரித்து அம்மாள் கோவிலில் செலுத்துவது. எங்களுக்கு ஒரு பிள்ளை தங்க வேண்டும் என்ற நேர்த்தி. மாலை போட்டவர் மழிக்கக் கூடாது என்பது பொதுவாக உள்ளதுதான். மாமியார் வீட்டு வழக்கம் அதைவிடக் கடுமை. விரதம் முடியும்வரை அந்த வீட்டில் யார் உடம்பிலும் கத்தி படக் கூடாது. நகம்கூட வெட்ட மாட்டார்கள். ரேசரைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டார்கள்.

கடையில் ஒரு பிளேடு வாங்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எனக்குக் கை வரவில்லை. அது அம்மாளுக்கு வைத்த விரதம். என் வயிறு நிறைய வேண்டும் என்று அவர் ஒருவேளைச் சோற்றோடு கிடக்கிறார். நான் திருட்டுத்தனமாக அதை முறிப்பதா? வளருவது வளரட்டும், அம்மாள் பார்த்துக்கொள்வாள் என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, பல்வலி என்று சொல்லித் திரிந்தேன்.

பல்வலி எத்தனை நாளைக்குச் செல்லும்? மாமியார் அடுப்படியில் வைத்து முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"ஏலே, இங்கன வந்து பாருலே. ஒம் பொண்டாட்டிக்குத் தாடி மொளச்சிருக்கு!"

கணவர் வந்தார். பார்த்தார். அறைந்தார். தலை சுவரில் மோதிக் காதுக்குள் வண்டு இரைந்தது. "எத்தன நாளா ஏமாத்துத?" என்று அடுத்த அறை. உதடு கிழிந்தது. மறுபடி கை ஓங்கியபோது மாமியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்காக இல்லை.

"மால போட்டுக்கிட்டு கை நீட்டாதலே, அம்மாளுக்கு ஆவாது. நீ சும்மா இரு. நான் பாத்துக்கிடுதேன்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "தசரா செட்டுல அரக்கன் வேஷத்துக்கு ஆள் தேடுதானுவ. நீ போறியாட்டி? ஒட்டு மீச கூட வேண்டாம். இது போவலன்னா ஒன்னத் திசையன்விளைக்கே பஸ் ஏத்தி விட்டுருவேன், ஆமா."

அந்தப் பயம்தான் என்னைப் பிடித்தது. வாழாவெட்டியாக அம்மா வீட்டு வாசலில் போய் நிற்பதைவிடச் சாகலாம் என்று நினைத்தேன். அதனால்தான் மறுநாள் மாமியார் என்னவோ ஒரு பொடியைச் சுண்ணாம்போடு குழைத்துக் கொண்டுவந்தபோது, நானாகவே பாயில் படுத்தேன்.

"வேரோட உதுந்துரும். கையக் காலப் பிடிச்சுக்கோலே. பிடிக்கது அடிக்கதுல சேராது" என்றார் மகனிடம்.

கணவர் என் தொடைமேல் உட்கார்ந்து இரண்டு மணிக்கட்டையும் நெரித்துப் பிடித்தார். மாமியார் என் நெஞ்சில் முழங்காலை ஊன்றித் தாடையில் அப்பினார். முதலில் குளிர்ந்தது. பிறகு சுட்டது. பிறகு தீக்கங்கை வைத்துக் கட்டினாற்போல் இருந்தது. கத்தினேன், வாயைப் பொத்தினார். அந்தக் கையைக் கடித்தேன். பல் இறங்கியது. அவர் ரத்தம் என் நாக்கில் கரித்தது. அப்போதுதான் விட்டார்கள். குழாயடிக்கு ஓடிக் கழுவினேன். சுண்ணாம்பும் முடியும் தோலும் ஒன்றாக உள்ளங்கையில் வந்தன.

பக்கத்து வீட்டு ஜெபா அக்கா சத்தம் கேட்டு வந்து, ஒன்றும் கேட்காமல் என்னை ஆட்டோவில் ஏற்றிப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனாள். ஆஸ்பத்திரியில், நானே பூசிக்கொண்டேன் என்றேன். புண்ணைத் துடைத்த டாக்டரம்மா என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப இந்த விரல் தடமும் நீங்களே போட்டதாம்மா?"

அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். போலீசுக்கும் அவர்தான் தெரிவித்தார்.

புண் காய்ந்து வரும்போது ஹார்மோன் டாக்டர் ஒருவரிடம் அனுப்பினார்கள். ரத்தம் பார்த்தார்கள், வயிற்றை ஸ்கேன் எடுத்தார்கள். இதற்கு ஹிர்சூட்டிசம் (ஆண்களுக்கு முளைக்கும் இடங்களில் பெண்களுக்குக் கட்டையான முடி வளர்வது) என்று பெயர். எனக்குக் காரணம் சினைப்பைப் பிரச்சினை. அதனால் ஆண்ட்ரோஜன் (ஆண்களுக்கு நிறையவும் பெண்களுக்குக் கொஞ்சமும் சுரக்கிற ஹார்மோன்) கூடிவிடுகிறதாம். மாதவிலக்கு தள்ளிப்போவதும் பிள்ளை தங்காததும் அதே வேரின் கிளைகள்தான். பேய் இல்லை, பாவம் இல்லை. நிறையப் பெண்களுக்கு இருக்கிறது, யாரும் வெளியே சொல்வதில்லை என்றார். மழித்தால் முடி தடிக்கும் என்பதும் பொய்யாம்.

தங்கச்சிமாரே, ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். முடி திடீரென்று வேகமாக வளர்ந்து குரலும் தடித்தால் ஒருநாள்கூடத் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள். அது வேறு நோயாக இருக்கலாம். முடியைக் குறைக்கத் தரும் சில மாத்திரைகள் கர்ப்பத்தில் ஆகாது. பிள்ளைக்கு முயல்கிறவர்கள் அதைச் சொல்லிவிட்டுத்தான் மருந்து வாங்க வேண்டும்.

கணவர் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்தார், தாடியும் மாலையுமாக. ஹார்மோன் டாக்டர் அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"நீங்க ஏன் தம்பி சவரம் பண்ணல?"

"மால போட்டிருக்கேன் சார்."

"அவங்களும் அதுக்குத்தான் பண்ணல. உங்க விரதத்த உங்களவிட ஒழுங்காப் பிடிச்சது அவங்கதான்."

அவர் என் தாடையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தார். "ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?" என்றார்.

"சொன்னா அடிச்சிருக்க மாட்டீயளா?"

அவர் குனிந்து மாலை மணியை உருட்டினார். அதிலேயே எனக்குத் தெளிவு வந்துவிட்டது. அவர்கள் ஏற்றிவிடுமுன் நானாகவே திசையன்விளைக்குப் பஸ் ஏறினேன். அத்தனை பயந்த அந்த வாசல் சின்னதாகத்தான் இருந்தது. அம்மா புண்ணைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டாள்; பிறகு சோறு போட்டாள்.

தசரா முடிந்து கணவர் வந்தார். இனிக் கை நீட்ட மாட்டோம் என்று அவரிடமும் மாமியாரிடமும் போலீஸ் கூப்பிட்டு எழுதி வாங்கியிருந்தது. அம்மாளுக்கு முன்னால் காளி வேஷத்தில் நிற்கும்போது என் அலறல்தான் காதில் கேட்டது என்றார். வா என்றார். தனிவீடு பார்த்தால் வருகிறேன், இனி ஒரு அடி விழுந்தால் திரும்ப மாட்டேன் என்றேன். பார்த்தார். போனேன். கோபம் போய்விட்டது என்று எழுதினால் அம்மாள் கேட்பாள். போகவில்லை. அவர் சட்டென்று கையை உயர்த்தி விளக்கைப் போட்டால்கூட என் தலை தானாகக் குனிந்துவிடும். அதைக் கண்டதிலிருந்து அவர், "சுவிச்சப் போடுதேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கையைத் தூக்குகிறார்.

மாத்திரை முதல் சில மாதம் ஒன்றுமே செய்யாததுபோல் இருக்கும். விட்டுவிடாதீர்கள். முடிக்கு அவசரம் கிடையாது. அதன் கணக்கில்தான் அது குறையும். இப்போது எனக்கு வாரம் ஒருமுறை மழித்தால் போதும். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறது. பிள்ளை அம்மாள் கையில்.

சுண்ணாம்பு வெந்த இடத்தில் மட்டும் முடி முளைப்பதில்லை. உள்ளங்கை அகலம், வழவழவென்று இருக்கும். அங்கே வேர்ப்பதில்லை, தொட்டாலும் தெரிவதில்லை. அவர்கள் கேட்டபடி ஆன இடம் அது ஒன்றுதான். அதைச் சுற்றிலும் வளர்கிற முடியைக் காலையில் விரலால் தடவிப் பார்க்கிறேன். குத்துகிறது. அங்கே எனக்கு உயிர் இருக்கிறது.