அண்ணியின் மணிக்கயிறு

என் அண்ணி ஐவி இங்கிலாந்தில், எங்கள் சஃபோக் கிராமத்துத் தேவாலயத்தில் இருபத்திரண்டு வருடம் மணி அடித்தவர். பள்ளிக்கூடச் சமையலறையில் பகலெல்லாம் உருளைக்கிழங்கு மசித்த கையோடு சாயங்காலம் கோபுரத்துக்கு வருவார். எட்டு மணிகளின் கயிறுகளும் அவர் பொறுப்பு. பிரி தேய்ந்தால் முறுக்கிச் சேர்ப்பார். கை பிடிக்கும் இடத்தில் கம்பளி நூல் உதிர்ந்தால் புதிதாக வைத்துத் தைப்பார். கூட மணி அடிக்கும் எங்களில் ஒருவராவது ஒத்தாசைக்குப் போனோமா என்றால் இல்லை. நானும்தான்.

அவருக்கு இருந்தது ஒரே ஆசை. ஒரு முழுச் சுற்று அடித்து முடிக்க வேண்டும். எட்டு மணிகளும் ஐயாயிரத்து நாற்பது விதமாக வரிசை மாறி ஒலிக்க வேண்டும், எந்த வரிசையும் திரும்ப வரக் கூடாது, மூன்று மணி நேரம் நிறுத்தவும் கூடாது. முடித்தால் எட்டுப் பேரின் பெயரும் பலகையில் எழுதப்பட்டுச் சுவரில் ஏறும். எட்டுத் தடவை முயன்றோம், எட்டும் ஊற்றிக்கொண்டது. ஒரு தடவை என் தும்மலால். இதற்குள் அண்ணிக்குத் தோள் போய்விட்டது. இன்னும் ஒரே ஒரு தடவை, அதன் பிறகு கயிற்றைத் தொடவே கூடாது என்றார் டாக்டர். ஆக, ஒன்பதாவதுதான் கடைசி.

அதற்கு முன் மூன்று நாள் மழை. ஈரத்தில் கயிறு சுருங்கும் என்று அண்ணி தன் கயிற்றின் வால் முடிச்சை அவிழ்த்து ஒரு சாண் நீட்டிக் கட்டினார். அது சரி. என் அண்ணன் ரெக்குக்கு மணியும் தெரியாது, கயிறும் தெரியாது. பெண்டாட்டி மேல் பாசம் மட்டும் உண்டு. தோளுக்குக் குளிர் ஆகாது என்று ஹீட்டரைத் தூக்கிவந்து அவர் கயிற்றுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு, சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். கயிறு காய்ந்தது. காயக் காய நீண்டது.

இரண்டு மணி நேரம் ஐம்பது நிமிடம் அடித்தாகிவிட்டது. தொங்கிய வால் சுருண்டு அண்ணியின் ஷூவைச் சுற்றியது. அவர் பார்த்துவிட்டார். அடுத்த இழுப்பில் உதறிவிடுவார் என்று பக்கத்துக் கயிற்றில் இருந்த எனக்குத் தெரியும். ரெக்குக்குத் தெரிந்தால்தானே! பெஞ்சிலிருந்து பாய்ந்து கயிற்றைப் பிடித்து விலக்கிவிட்டு, வந்த வேகத்தில் போய் உட்கார்ந்துகொண்டான்.

அடிப்பவர்களைத் தவிர வேறு யார் கை பட்டாலும் சுற்று செல்லாது.

எங்கள் தலைவர் டென்ஸில் எதிர்ப்பக்கக் கயிறுகளில் கண்ணாக இருந்தார். மற்றவர்களும் கவனிக்கவில்லை. நான் வாயே திறக்கவில்லை. அடித்து முடித்தோம். ஆளாளுக்குக் கட்டிப்பிடித்துக் கத்தினார்கள். ரெக் எல்லோருக்கும் குடிக்கச் சைடர் வாங்கிவரக் கீழே ஓடினான்.

"டென்ஸில், இது செல்லாது," என்றார் அண்ணி. "என் கயித்துல ரெக் கை பட்டுச்சு."

"யாரு பார்த்தா?"

"நான் பார்த்தேன்."

பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அண்ணி, ஒரு செகண்டு! அதுக்குப் போய்..."

"பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைதான்டா தெரியும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஹீட்டரை ஓர் உதை உதைத்தேன். என் பெயரும் அல்லவா போயிற்று! டென்ஸில் தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டார்.

"ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன்," என்றார் அண்ணி. "ரெக் காதுக்கு இது போக வேணாம். கடைசியில நான்தான் தப்பா அடிச்சேன்னு சொல்லிடுங்க."

பாட்டில்களோடு மூச்சிரைக்க வந்த ரெக்கிடம் அப்படியே சொன்னோம்.

"அடடா! போகட்டும் விடு ஐவி. வயசாச்சுல்ல, கை தடுமாறத்தான் செய்யும்." அவர் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினான். "ஆனா ஒண்ணுடா, நான் மட்டும் இங்க இல்லேன்னா இன்னிக்கு உங்க அண்ணி கால் என்ன ஆயிருக்கும்?"

அண்ணி என் முழங்கையைக் கிள்ளினார், ரத்தம் கட்டும் அளவுக்கு.

"ஆமாண்ணே," என்றேன்.