இறக்கத்தில் அணைத்த இன்ஜின்

நான் விமானிப் பயிற்சி மாணவன். சொந்த ஊர் இண்டூர். பயிற்சியில் ஒரு வாரம் விடுமுறை கிடைத்ததும், உடன் படிக்கும் ரஃபீக்கை அழைத்துக்கொண்டு அப்பாவின் காரில் வத்தல்மலைக்குப் போனேன்.

திரும்பி இறங்கும்போது எனக்குத் திமிர் தலைக்கேறியது. பறக்கும்போது பயிற்றுநர் திடீரென்று இன்ஜின் வேகத்தைக் குறைத்துவிடுவார். நாங்கள் அப்படியே மிதந்து வந்து தரையிறக்கிக் காட்ட வேண்டும். "கார்லயும் செஞ்சு காட்டறேன் பாருடா" என்று சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தேன்.

பிரேக் இரண்டு முறை பிடித்தது. மூன்றாம் முறை மிதித்தபோது கல்லாக இறுகிவிட்டது. இன்ஜின் ஓடினால்தான் கிடைக்கும் உதவி நின்றுபோனதால் ஸ்டியரிங்கும் திரும்ப மறுத்தது. வளைவுக்குக் கீழே ஒரு பெண் சாலையில் சாமைக்கதிரைப் பரப்பிக் கிளறிக்கொண்டிருந்தார்.

"ஓடுங்கக்கா!" என்று ரஃபீக் அலறினான். அவர் பாய்ந்து விலகினார். கார் கதிர்மேல் வழுக்கிப் பாறையில் மோதியது. பெல்ட் போடாத ரஃபீக்கின் முகம் டேஷ்போர்டில் இடித்து, இரண்டு பற்கள் அவன் மடியிலேயே விழுந்தன.

அந்தப் பெண்ணின் கணவர் என்னை வெளியே இழுத்து அறைந்தார். "பிரேக் புடிக்கத் தெரியாதாடா?"

"இன்ஜின நான்தாங்க ஆஃப் பண்ணேன்" என்றேன். மறு கன்னத்திலும் விழுந்தது.

"வுடுங்க, அந்தத் தம்பி வாயெல்லாம் ரத்தம். மொதல்ல ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க" என்று அந்த அக்காதான் தடுத்தார்.

இப்போது இறக்கத்தில் இரண்டாம் கியரைத் தாண்டுவதில்லை. பக்கத்தில் இருப்பவர் பெல்ட் போடும்வரை சாவியைத் தொடுவதுமில்லை. பயிற்றுநர் இன்ஜினைக் குறைத்தாரே தவிர, ஒருநாளும் அணைத்ததில்லை. விமானத்தில் அவர் முன்னால் இன்னொரு ஸ்டியரிங்கும் இருக்கும். ரஃபீக்கின் முன்னால் இருந்தது டேஷ்போர்டு மட்டும்தான்.