அண்ணனுக்கு மூன்று ஆட்டோ

போன வாரம் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் மூன்று ஆட்டோ பிடித்தேன். நான் ஏறுவதற்கு இல்லை...

முதல் ஆட்டோவில் ஒரு தார் வாழைப்பழம். அடுத்ததில் வேட்டி, புடவை, ஸ்வீட் பாக்ஸ். மூன்றாவதில் இரண்டு ஆடுகள். உயிரோடு!

எல்லாம் அடி அண்ணாமலையில் ஜூஸ் கடை வைத்திருக்கும் என் அண்ணனுக்கு. பன்னிரண்டு வருடமாக அவன் முகத்தில் நான் விழிக்கவில்லை. செய்த காரியம் அப்படி.

நான் எட்டாவதோடு நின்றவன். வெளியூர் மில் ஒன்றில் பத்தாவது பாஸ் கேட்டார்கள். அண்ணனுடைய ஒரிஜினல் சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு, அவன் பெயரிலேயே வேலையில் சேர்ந்துவிட்டேன். அதே வாரம் அண்ணனுக்கு அரசு வேலை இன்டர்வியூ. காட்ட ஒன்றுமில்லை. அவனுக்கு அந்த வேலை போயிற்று.

எனக்கும் மில் நிலைக்கவில்லை. அப்புறம் லாட்ஜ் லாட்ஜாக ரூம் கூட்டினேன். ஒரு மேஜை டிராயரில் கிடந்தது எபிரேயர்களின் பழைய வேதம். புரட்டினால்... யாக்கோபு! அண்ணன் மாதிரி வேஷம் கட்டி, அப்பாவின் ஆசீர்வாதத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடிய தம்பி. அட, நம்ம ஆள்!

வருடங்கள் கழித்து அவன் பயந்து பயந்து திரும்பி வருகிறான். அண்ணனுக்குப் பரிசாக ஆடுமாடுகளை இடைவெளி விட்டு, கூட்டம் கூட்டமாக முன்னால் அனுப்புகிறான். அண்ணன் கோபம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுமாம்.

நானும் ஆட்டோக்காரர்களுக்கு வகுப்பு எடுத்தேன். "பத்து நிமிஷம் கேப் விட்டுப் போங்க. தம்பி பின்னாலயே வர்றாருனு சொல்லணும்."

காலண்டரில் மறுநாள்தான் பௌர்ணமி. ஆனால் திதி அன்று காலையிலேயே பிறந்துவிட்டது. ஊரை விட்டுப் போனவனுக்கு அது தோன்றவில்லை. நாலாவது ஆட்டோவில் நான் போய் இறங்கினால் — கிரிவலப் பாதையில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். தடுப்புக்கு முன்னால் மூன்று ஆட்டோவும் வரிசையாக நிற்கின்றன!

"கேப்பு கேப்புனு வகுப்பு எடுத்து நிக்க வெச்சீங்களே, அதுக்குள்ள மூடிட்டாங்க" என்றார் முதல் ஆட்டோக்காரர். "உங்க அண்ணன் கடை நம்பர் எங்கிட்ட இருந்துச்சு, போன் போட்டுட்டேன். நீங்க எறக்கிக்குங்க."

தோளில் தார். ஒரு கையில் பை. இன்னொரு கையில் ஆடுகள். கூட்டத்தோடு நடந்தேன்.

"கிரிவலத்துக்கு ஆடா? கலிகாலம்!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் ஒரு அம்மா. அதற்குள் ஓர் ஆடு, முன்னால் போனவர் கழுத்து மாலையில் பாதியைத் தின்றுவிட்டது.

"ஏங்க, எதிர்ல வராதீங்க!" என்று திடீரென்று சத்தம். மலையை யாரும் எதிர்ப்பக்கமாகச் சுற்றுவதில்லை. ஆனால் ஓர் ஆள் அத்தனை பேரையும் இடித்துக்கொண்டு ஓடி வருகிறான்.

அண்ணன்!

அடிப்பானோ? "ஆடுண்ணா... உனக்குத்தான்" என்று உளறினேன்.

"ஆட்டை உட்றா. ஏன் நொண்டுற?"

"மில்லுல மிஷின் ஏறிடுச்சு."

"என் பேர்ல போயி உன் கால ஒடச்சிக்கினியா? லூசு!"

திட்டிக்கொண்டே கழுத்தைக் கட்டிக்கொண்டான். அவனும் அழுதான், நானும் அழுதேன், ஆடுகளும் கத்தின.

அந்த வேதத்திலும் அண்ணன்தான் ஓடி வந்து கட்டிப்பிடிக்கிறான். "எதுக்கு இவ்வளவு ஆடுமாடு?" என்று கேட்கிறான். தப்பு செய்தவன் பரிசு கட்டிக்கொண்டிருக்கும்போதே, ஏமாந்தவன் மன்னித்து முடித்துவிடுகிறான். இது நமக்கு ஏன் லேட்டாகவே தெரிகிறது?

"வீட்டுக்கு வாடா" என்றான்.

யாக்கோபையும் அவன் அண்ணன் அப்படித்தான் கூப்பிட்டான். "நீ முன்னால் போ, நான் மெதுவாக வருகிறேன்" என்றான் அந்தத் தம்பி. போகவேயில்லை!

நான் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டே போனேன்... என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா?