பத்தில் ஒன்று சிவப்பு

அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் உதிரிப் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் பதினான்கு வருடம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். கேஜ் என்கிற அளவுக் கருவியை எடுத்து பீஸின் துளைக்குள் விட்டுப் பார்ப்பதுதான் வேலை. ஒரு முனை உள்ளே போக வேண்டும், மறு முனை போகக் கூடாது. தப்பினால் பீஸுக்குச் சிவப்பு அட்டை கட்டி சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். இதைவிடத் தெளிவான வேலை எனக்குத் தெரிந்து கிடையாது. போன வருடம் அந்த வேலைக்கு ஒரு கேமராவை வாங்கி மாட்டிவிட்டார்கள்.

என்னையும், நசரத்பேட்டையிலிருந்து வரும் என் கூட்டாளி ஒருத்தியையும் பூந்தமல்லியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்கு ஆறு வாரம் அனுப்பினார்கள். கடைசி நாள் ஒரு பயிற்சியை முடித்துக் காட்டினால், மாடியில் கேமராவின் சாஃப்ட்வேரைச் சோதிக்கும் செக்‌ஷனில் இடம். முடிக்காவிட்டால் செம்பரம்பாக்கத்து கோடவுனில் பேக்கிங், எட்டு மணி நேரமும் நின்றபடி. என் முட்டி இரண்டும் ஏற்கெனவே போய்விட்டவை. பேக்கிங் என்றால் ஆறு மாதத்தில் நானே வேலையை விட்டுவிடுவேன். அது அவர்களுக்கும் தெரியும்.

பயிற்சி, ஒரு விளையாட்டுக்கு நாமே புரோகிராம் எழுதுவது. கறுப்புத் திரையில் வெறும் எழுத்து, படம் கிடையாது. கம்ப்யூட்டர் ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொள்ளும். நாம் ஒரு எண்ணை அடித்தால் பெரியது, சிறியது, சரி என்று ஏதோ ஒன்றைச் சொல்லும். அவ்வளவுதான்.

சொல்லிக்கொடுத்த பெண் தூத்துக்குடிக்காரி. காட்டுப்பாக்கத்தில் ஃபிளாட்டில் இருந்தாள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள்.

“முதல்ல டெஸ்ட் எழுதுங்க. கேம் அப்புறம் எழுதலாம்” என்றாள். டெஸ்ட் என்றால், கேம் சரியான பதிலைச் சொல்கிறதா என்று சோதிக்கும் சின்ன புரோகிராமாம்.

“இன்னாத்தம்மா டெஸ்ட் பண்றது? பீஸே இன்னும் வர்ல.”

“அதான்க்கா முறையே.”

“வராத பஸ்ஸுக்கு டிக்கெட் கேக்குதுக்கா இந்தப் பொண்ணு” என்று என் காதில் சொன்னாள் கூட்டாளி.

எழுதினேன். ரகசிய எண் ஐம்பது, அடிக்கும் எண் எழுபது, வர வேண்டிய பதில் ‘பெரியது’. ஓட்டினேன். திரையில் சிவப்பாக வந்து விழுந்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பதினான்கு வருடப் பழக்கம், சிவப்பைப் பார்த்தால் உட்கார முடியாது. அந்தப் பெண் கை தட்டினாள்.

“சூப்பர்க்கா! ஃபெயில் ஆயிடுச்சு!”

“கிண்டலா?”

“இல்லக்கா. ஃபெயில் ஆகத்தான் வேணும். கேமே இல்லாம பாஸ் ஆனா டெஸ்ட்டு சரியில்லன்னு அர்த்தம்.”

இது கொஞ்சம் மண்டையில் ஏறியது. கம்பெனியிலும் காலையில் முதல் வேலையாக, கெட்ட பீஸ் என்று தெரிந்த ஒன்றைப் போட்டு கேஜ் அதைப் பிடிக்கிறதா என்று பார்ப்போம். சரி, பிடிபட்டுவிட்டது என்று நினைத்தேன். அடுத்த நிமிடமே அதையும் கெடுத்தாள்.

“இப்ப கேம்ல ஒரே வரி எழுதுங்க. எந்த எண் வந்தாலும் ‘பெரியது’ன்னு சொல்லட்டும்.”

ஓட்டினால் பச்சை.

“கணக்கே போடலியே, எப்டி பச்சை வந்துச்சு?”

“இப்போதைக்கு இது போதும்க்கா.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பீஸை அளக்காமல் உட்கார்ந்த இடத்தில் தாளில் அளவை நிரப்புகிறவர்கள் எங்கள் கம்பெனியில் உண்டு. அப்படி ஒருவனை நான் திட்டிய திட்டில் அவன் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அதே வேலையை என்னைச் செய்யச் சொல்கிறாள்.

“பொய்ம்மா இது. நான் எழுத மாட்டேன்.”

“பொய்தான். அடுத்த டெஸ்ட் அதைப் பிடிச்சிரும். முப்பது அடிச்சா ‘சிறியது’ வரணும்னு எழுதிப் பாருங்க.”

எழுதினேன். மறுபடி சிவப்பு. பிறகுதான் இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வரிகளை கேமில் எழுதச் சொன்னாள். இரண்டும் பச்சை. ஆக, தெரிந்தே ஒரு பொய் சொல்ல வேண்டும், அதை நாமே பிடிக்க வேண்டும், பிடித்துவிட்டோம் என்று சந்தோஷமும் பட வேண்டும். நேராகவே எழுதித் தொலைத்தால் என்ன? மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் ‘சின்னச் சின்ன அடியா வைக்கணும்’ என்ற ஒரே பதில். கூட்டாளி எதையும் கேட்கவில்லை. சொன்னதைத் தட்டிவிட்டு முறுக்கு தின்றுகொண்டிருந்தாள்.

இப்படியே ஒன்பது டெஸ்ட் தேறின. கடைசி வாரம் பத்தாவதைக் கொடுத்தாள். எண்ணுக்குப் பதிலாக யாராவது எழுத்தை அடித்தால், ‘எண்ணை அடிக்கவும்’ என்று கேம் சொல்ல வேண்டும். என் கேம் அதைச் சொல்லாமல் பத்து வரி இங்கிலீஷைக் கக்கிவிட்டுச் செத்தது. மூன்று நாள் முட்டினேன். ஒன்றைச் சரி செய்தால் ஏற்கெனவே பச்சையாக இருந்த இரண்டு சிவப்பாயின.

கடைசி நாள் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். தேறாததைத் தனியாகப் பிரித்து வைப்பதுதான் எனக்குத் தெரியும். ‘ரிஜெக்‌ஷன்’ என்று ஒரு ஃபைல் திறந்தேன். பத்தாவது டெஸ்டை அதற்குள் தள்ளினேன். மேலே காரணம், தேதி, என் இனிஷியல் எல்லாம் போட்டேன். ஓட்டினால் ஒன்பதும் பச்சை. கொடுத்துவிட்டேன்.

அவள் எண்ணிப் பார்த்தாள். “பத்தாவது எங்கக்கா?”

“ரிஜெக்‌ஷன்ல கீது.”

திறந்து பார்த்தாள். “ஏன் ஒளிச்சு வெச்சீங்க?”

“ஒளிச்சனா? தேதி போட்டு கையெழுத்துப் போட்டு வெச்சிகீறேன், ஒளிச்சேன்றியா? பதினாலு வருசத்துல ஒரு ரிஜெக்‌ஷன ஒளிச்சவ இல்ல நானு!”

பக்கத்து அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் குரலை உயர்த்தவில்லை.

“கேஜு, பீஸுன்னு நீங்கதானே சொல்வீங்க. இதுல கேஜ் எது, சொல்லுங்க?”

“டெஸ்ட்டு.”

“பீஸு?”

“கேமு.”

“இப்பத் தொட்டியில போட்டது எது?”

தொட்டியில் கிடந்தது கேஜ். மாதக் கடைசியில் புரொடக்‌ஷன் ஆட்கள் வந்து, ‘கேஜ்தான் சரியில்ல, அத்த அப்பால வையி, சரக்கு லாட்டு வெளிய போவட்டும்’ என்று நிற்பார்கள். எத்தனை பேரை விரட்டியிருக்கிறேன். அதே காரியத்தைச் செய்து, கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

கூட்டாளிக்குப் பத்தும் பச்சை. முன்பு அங்கே படித்த யாரிடமோ வாங்கிய புரோகிராம்.

“என்னுதப் பாத்து அப்டியே அடிச்சிடுக்கா. கோடவுன்ல நிக்கப் போறியா?”

“ஒரு வரிகூடப் புரியல. எப்டி அடிக்கறது?”

“புரிஞ்சவன்லாம் இன்னா கிழிச்சான்?”

நான் அடிக்கவில்லை. பெரிய நேர்மை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். நாளைக்கு அது உடைந்தால் எங்கே கை வைப்பது என்று தெரியாது, அந்தப் பயம்தான். பத்தாவது டெஸ்டை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்து, ‘சரி செய்யத் தெரியவில்லை’ என்று பக்கத்தில் எழுதி, சிவப்போடு கொடுத்தேன். அப்படியே கம்பெனிக்கு அனுப்பட்டுமா என்று அவள் இரண்டு தடவை கேட்டாள். அனுப்பு என்றேன். வீட்டுக்கு வந்ததும் பேக்கிங்குக்கு முட்டி உறை வாங்க வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மேஜையில் இரண்டு தாள்.

“அந்தம்மாவுக்குப் பத்தும் வந்திருக்கு. உனக்கு ஏன் ஒண்ணு வரல?”

“எழுத்து அடிச்சா கேம் செத்துடுது சார். சரி பண்ணத் தெரியல.”

“தெரியலன்னு யாராவது எழுதிக் குடுப்பாங்களா?”

“வேற இன்னா சார் எழுதறது?”

அவர் தாளை இப்படியும் அப்படியும் திருப்பினார். “சரி, ரெண்டு பேரும் திங்கக்கிழமை மாடிக்கு வந்துடுங்க.”

கூட்டாளி மேஜைக்குக் கீழே என் கையைக் கிள்ளினாள். எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. பச்சையையும் எடுத்துக்கொண்டார், சிவப்பையும் எடுத்துக்கொண்டார். அப்படியென்றால் ஆறு வாரம் என்னத்துக்கு? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் அவரிடமே கேட்டேன்.

“மாடியில ரெண்டு சீட்டு காலிம்மா” என்றார், போனை எடுத்துக்கொண்டே.

வெளியே வந்து படிக்கட்டில் நின்றேன். யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்று தெரியவில்லை.