முன்வரிசையில் முதல் நாற்காலி

நான் கதை கட்டுகிறவன் அல்ல. பொய் சொன்னால் வாசலோடு போய்விடு என்று வளர்க்கப்பட்டவன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பேய் என்றால் நடுநிசி, நாய் ஊளை என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்து போவார்கள். இது பட்டப்பகலில், ஜன்னல் திறந்திருக்க, என் மருமகளின் வேலை அறையில் நடந்தது.

முதலில் எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்பா போன பிறகு எங்களை ஆளாக்கியவர் என் அண்ணன். அவரும் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. அன்று முதல் எங்கள் வீட்டு விசேஷம் எதுவானாலும் முன்வரிசையில் முதல் நாற்காலி அவருடையது. மாலை கிடையாது, படம் கிடையாது. வெறும் நாற்காலி. அதில் யாரும் உட்காரக் கூடாது, கைப்பையைக்கூட வைக்கக் கூடாது. காவல் நான்தான். "அத்தான் யாரோ மந்திரிக்கு இடம் பிடிச்சு வச்சிருக்காரு" என்று என் மைத்துனர் கேலி செய்வார். செய்யட்டும். கேலிக்காக மரியாதையைக் குறைத்துக்கொள்ளும் குடும்பம் இல்லை எங்களுடையது.

என் மகள் கல்யாணத்திலும் அந்த நாற்காலி போட்டோம். கல்யாணப் படத்தை ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் தரும் விருந்தில் பெரிய திரையில் போட்டுக் காட்டுவதாகச் சம்பந்தியிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். படம் பிடித்தவர் வெளியாள். ஆனால் வெட்டி ஒட்டும் வேலையையும் வெளியே தர எனக்கு மனம் ஒப்பவில்லை. நம் வீட்டுப் பெண்கள் அழுவதை எவனோ ஒருவன் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதா? மருமகளுக்குத் தொழிலே அதுதான். அவளிடம் ஒப்படைத்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் அறைக்குப் போனேன். மேசையில் டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளாகச் சரியான தூக்கம் இல்லை.

"முடிஞ்சுதாம்மா?"

"எங்க மாமா... ரெண்டு நிமிஷம் ஓடுது, அஞ்சு நிமிஷம் தூங்குது. அப்புறம் தானா மூடிக்குது."

"கம்ப்யூட்டர் பழசோ?"

"புதுசுதான். சாஃப்ட்வேரை அழிச்சுட்டு மறுபடி போட்டுப் பார்த்துட்டேன். நீங்க பின்னால நிக்காதீங்க மாமா, அது இன்னும் பயப்படுது. உட்காருங்க."

உட்கார்ந்தேன். அவள் பொறுமையாக விளக்கினாள். அந்த கேமரா துல்லியமான படத்தைச் சுருக்கிச் சுருக்கிப் பதிவு செய்யுமாம். முழுப் படம் ஒன்றை எழுதிவிட்டு, அதன்பின் எது அசைந்ததோ அதை மட்டும் குறித்துக்கொள்ளுமாம். மிச்சத்தைக் கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறையும் கணக்குப் போட்டு நிரப்ப வேண்டும். அதனால்தான் மூச்சு வாங்குகிறது. இதற்கு வழி உண்டு. எல்லாக் காட்சிக்கும் எடை குறைந்த நகல் எடுத்து, அதை வைத்து வேலை செய்யலாம்.

நகல்கள் தயாராகும்வரை காத்திருந்தோம். பிறகு படம் தண்ணீராக ஓடியது. ஊர்வலம், மேடை, குழந்தைகள் ஓடிப்பிடித்து விளையாடுவது... எதிலும் தடங்கல் இல்லை.

ஒரே ஒரு காட்சியைத் தவிர.

அண்ணனின் நாற்காலி. கேமராவைத் தாங்கியில் நிறுத்தி, ஆடாமல் எடுத்த காட்சி. அதைத் தொட்டதும் திரை உறைந்தது. கம்ப்யூட்டரின் விசிறி உறும ஆரம்பித்தது. பிறகு எல்லாம் மூடிக்கொண்டது.

மறுபடி திறந்தாள். மறுபடியும் அதே இடம். அதே உறுமல்.

"இதுக்கு நகலும் எடுக்க முடியல மாமா. பாதியில நின்னுடுது." அவள் ஃபைலின் அளவைப் பார்த்தாள். முகம் மாறியது.

"என்னம்மா?"

"குழந்தைங்க ஓடுற காட்சி இதே நீளம்தான். அதைவிட இது மூணு மடங்கு பெருசா இருக்கு."

"இருந்தா என்ன?"

"அசைஞ்சதை மட்டும்தானே மாமா கேமரா எழுதும்? இங்க எதுவுமே அசையலையே..."

நான் திரையை நோக்கிக் குனிந்தேன்.

அவள் ஒரு வேலை செய்தாள். காட்சியில் மிகச் சிறிய துண்டை மட்டும் வெட்டி எடுத்தாள். அதன் மேலேயே அதை, ஒரே ஒரு ஃப்ரேம், அதாவது நொடியில் ஒரு துளி தள்ளி, இன்னொரு அடுக்காக வைத்தாள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் திரையில் தெரியும்படி செய்தாள். அசையாதது எல்லாம் கறுப்பாகிவிடும். அசைந்தது மட்டும் வெளுப்பாகத் தெரியும்.

திரை கறுத்தது. சுவர் மறைந்தது. நாற்காலிகள் மறைந்தன.

முதல் நாற்காலி இருந்த இடத்தில்... ஏதோ வெளுத்தது.

இரண்டு தோள்கள்.

கைப்பிடி உயரத்தில் இரண்டு கைகள்.

அது மெல்ல மேலே எழும்பியது... தணிந்தது.

எழும்பியது... தணிந்தது.

விசிறி உறுமியது. திரை அணைந்தது.

மருமகள் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். "இந்தக் காட்சி வேண்டாம் மாமா. எடுத்துடறேன்."

எனக்கும் பயம்தான். மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பயத்துக்குள் ஒரு பெருமையும் இருந்தது. கூப்பிட்ட மரியாதைக்கு அண்ணன் வந்திருக்கிறார். வந்து உட்கார்ந்திருக்கிறார்.

"அந்த நாற்காலி இல்லாம இது நம்ம வீட்டுப் படமே இல்ல. எப்படியாவது வை" என்றேன்.

அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். காட்சியிலிருந்து ஒரே ஒரு படத்தை உறையவைத்து எடுத்து, புகைப்படம்போல நடுவில் சேர்த்தாள். அதன்பின் சாஃப்ட்வேர் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விருந்தில் படம் தடங்கலின்றி ஓடியது. வெறும் நாற்காலி திரையில் வந்தபோது மண்டபமே அமைதியானது. சம்பந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணன்னா இப்படில்ல மதிக்கணும்" என்றார்.

கூட்டம் கலைந்தது. திரையைச் சுருட்ட வந்திருந்த கேமராக்காரர் என் பக்கத்தில் வந்து தயங்கி நின்றார்.

"ஐயா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"அந்தப் பெரியவரை ஏன் படத்துல இருந்து அழிச்சுட்டீங்க?"

"எந்தப் பெரியவர்?"

"அந்த நாற்காலியில இருந்தாரே. வெறும் நாற்காலியை நான் எதுக்குங்க எடுக்கப் போறேன்?"

பக்கத்தில் நின்றிருந்த மருமகள் என் கையைப் பற்றினாள்.

"பாவம், எழுந்திரிக்கப் பார்த்தாரு. கைப்பிடியை ஊன்றி ஊன்றி எழுந்தாரு. முடியல. யாரோ பிடிச்சு அழுத்துற மாதிரி திரும்பத் திரும்ப உட்கார்ந்தாரு. ரொம்பக் களைச்சுப் போயிருந்தாரு ஐயா. தூக்கிவிடலாம்னு கேமராவை ஓடவிட்டுட்டு நானே கிளம்பினேன். நீங்கதான் குறுக்க வந்து கையை நீட்டினீங்க. அந்த நாற்காலிகிட்ட யாரும் போகக் கூடாதுன்னீங்க."

தடுத்தது எனக்கு நினைவிருந்தது. அன்று எத்தனையோ பேரைத் தடுத்தேன்.

"அப்ப அவர் உங்களைப் பார்த்து ஏதோ சொன்னாரு. உங்க காதுல விழல போல."

"என்ன... சொன்னார்?"

"'சின்னவனே... போதும்டா. என்னை விடுடா'ன்னாரு."

கேமராக்காரருக்கு எங்கள் குடும்பத்தில் யாரையும் தெரியாது. என்னைச் சின்னவன் என்று கூப்பிட்டவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான்.