சொந்தக்காரனுக்குப் போட்ட பில்

வந்திருந்தவர்கள்: தாய்மாமன் மகன் தங்கராசு மச்சான், அவருக்குப் பணம் போட்டிருந்த குவாரி முதலாளி, என் அப்பா பெரியசாமி, கைபேசித் திரை வழியாக நான். வராதவர்: தங்கராசு மச்சானின் மனைவி செல்வி அக்கா. அவரிடம் யாரும் சொல்லவில்லை.

இப்படி எழுதும் பழக்கம் எனக்கு இங்கே வந்த பிறகு ஏற்பட்டது. வட ஜெர்மனியில் நான் இருக்கும் ஊரில் நாலு பேர் உட்கார்ந்து காபி குடித்தபடி வேலையைப் பற்றிப் பேசினால்கூடக் குறிப்பு எழுதிவிடுகிறார்கள். முதல் வரியில் வந்தவர் பெயர், அடுத்த வரியில் வராதவர் பெயர். வராதவருக்குப் பக்கத்தில் ‘எண்ட்ஷுல்டிக்ட்’ என்று போடுவார்கள். மன்னிக்கப்பட்டவர் என்று பொருள் கொள்ளலாம். நம் பக்கத்தில் காதுகுத்துக்கு வராதவனைப் பேரன் பிறந்த பிறகும் மன்னிப்பதில்லை. இன்னொரு விசித்திரமும் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் இல்லாததால் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பாவின் பெயர் ஏறிவிட்டது. அதனால் இங்கே எல்லோருக்கும் நான் ‘ஹெர் பெரியசாமி’, அதாவது திருவாளர் பெரியசாமி. செட்டிகுளத்து வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறவர், பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர், அவர் பெயரைத்தான் தினமும் மரியாதை சேர்த்துக் கூப்பிடுகிறார்கள். வந்த புதிதில் யாராவது அப்படி அழைத்தால் அவர் எங்கே என்று திரும்பிப் பார்ப்பேன்.

நான் படித்தது விமானப் பொறியியல். எங்கள் வீட்டில் முதலில் படித்தவனும் நான்தான். நிறுவன வேலையை விட்டுவிட்டு இப்போது தனியாக ஆலோசனை சொல்கிறேன். வழக்கமான வடிவத்தில் இல்லாத சிறிய விமானங்கள்தான் என் பிழைப்பு. வாலில்லாதவை, இறக்கை வளையமாய் மூடியவை, முன்னுக்குப் பின்னாக மாற்றிக் கட்டியவை. இது தெரிந்துதான் மச்சான் என்னைக் கூப்பிட்டார். அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகும் சாலையில் அவருக்கு லாரி பாடி கட்டும் பட்டறை இருக்கிறது. சிமென்ட் லாரிகளுக்குப் பெட்டி கட்டிய கையால் ஒரு விமானத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். மூக்கருகே சின்ன இறக்கை, பின்னால் பெரிய இறக்கை, அதற்கும் பின்னால் எஞ்சினும் விசிறியும். ஒருவர் மட்டும் உட்காரலாம். அந்த ஒருவர் தாம்தான் என்று முடிவு செய்திருந்தார். வீட்டில் ‘ட்ரோன் செய்யறோம்’ என்று சொல்லி வைத்திருந்தார்.

வேலை நன்றாகத்தான் இருந்தது. பற்றவைப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் வரைபடத்தில் இருந்த எஞ்சின் கிடைக்காமல், அதைவிடக் கனமான பழைய கார் எஞ்சினைப் பின்னால் மாட்டியிருந்தார். இந்த வகை விமானம் வேகம் குறையும்போது, முன்னாலுள்ள சின்ன இறக்கைதான் முதலில் தூக்கும் பலத்தை இழக்க வேண்டும். அப்போது மூக்கு தானாகத் தாழும், வேகம் திரும்பி வரும், ஆள் பிழைப்பான். பின்பாரம் கூடிவிட்டால் பெரிய இறக்கை முதலில் கைவிட்டுவிடும். பின்பக்கம் அமிழ்ந்து, மூக்கு வானத்தைப் பார்த்தபடியே கீழே வரும். உள்ளே இருப்பவன் எந்தக் கம்பியைப் பிடித்து இழுத்தும் பிரயோசனமில்லை. அவர் அனுப்பிய அளவுகளை வைத்து நான் போட்ட கணக்கு அந்தப் பக்கம்தான் சாய்ந்தது.

அன்று அதைத் திரையில் சொன்னேன். அப்பா இதற்காகவே எங்கள் ஊர் பாடாலூரிலிருந்து கிளம்பி, பெரம்பலூரில் பஸ் மாறி வந்திருந்தார். மகன் பேசுவதைக் கேட்க பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

“பின்பாரம்னா எனக்குத் தெரியாதா மாப்ள? நான் எத்தனை லாரி பாத்தவன்,” என்றார் மச்சான்.

“லாரி கீழ ரோட்டுல நிக்கும் மச்சான். இதுக்குக் கீழ ரோடு இல்ல.”

முதலாளி சிரித்தார். “பையன் பேசக் கத்துக்கிட்டான்.”

“சரி மாப்ள, பாப்போம்,” என்றார் மச்சான். நம் ஊரில் ‘பாப்போம்’ என்றால் என்ன பொருள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேச்சு என் கல்யாணத்துக்குத் தாவியது. ஜெர்மன்காரி யாரையும் இழுத்துக்கொண்டு வந்துவிடாதே என்றார்கள். இணைப்பு அறுந்தது. நான் சமையலறைக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். வெளியே ட்ராம் வருவதும் போவதுமாக இருந்தது. எதில் ஏறினாலும் அரியலூர் போய்ச் சேர முடியாது.

என்னை அலைக்கழித்தது அந்த ‘பாப்போம்’ மட்டுமில்லை. அதே மாதிரி பதிலை வேறு மொழியில் முன்பே வாங்கியிருந்தேன். தனியாகத் தொழில் தொடங்கிய புதிதில் லிண்டர் என்பவர் தம் விமானத்தின் இறக்கை இணைப்பைப் பார்த்துச் சொல்லக் கேட்டார். கட்டணம் என்ன என்றார். அப்பாவிடம் தெரிந்தவர்கள் ‘எவ்வளவு பெரியசாமி?’ என்று கேட்டால், ‘பாத்துக் குடுங்க’ என்பார். அது இலவசம் இல்லை. எதிரில் இருப்பவன் மனசாட்சியின் மேல் ஒரு மூட்டையை ஏற்றி வைப்பது. கேட்டு வாங்குவதைவிடக் கூடவே வரும். நானும் அதையே ஜெர்மனில் சொன்னேன்: “நீங்கள் பார்த்துக் கொடுங்கள்.”

“எதைப் பார்க்க வேண்டும்?” என்று கேட்டார் லிண்டர்.

“உங்கள் விருப்பம்.”

அவர் முகம் மலர்ந்து கை குலுக்கினார். என் அறிக்கை போன பிறகு தபாலில் ஒரு பாட்டில் தேன் வந்தது, நன்றி அட்டையோடு. பல மாதம் கழித்து அவர் பட்டறைக்குப் போனபோது, வேண்டாம் என்று நான் எழுதியிருந்த அதே இணைப்பை அப்படியே ஒட்டி வைத்திருந்தார்கள். படிக்கவில்லையா என்றேன். “அது உங்கள் கருத்து என்று நினைத்தோம். கருத்துக்கு நாங்கள் கோப்பு திறப்பதில்லை,” என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, இயல்பாகத்தான் சொன்னார். அடுத்த வேலைக்குத் தொகை எழுதி அனுப்பினேன். காற்புள்ளி வரைக்கும் கேள்வி கேட்டு வாசித்தார்கள். கட்டணம் என்பது என் உழைப்புக்கான கூலி மட்டும் இல்லை, எதிராளியை உட்கார்ந்து படிக்க வைக்கும் பிடியும் அதுதான் என்று அப்போது புரிந்தது. ஊரில் தொகை சொன்னால் பேச்சு முடிந்துவிடும். இங்கே தொகை சொன்னால்தான் பேச்சே தொடங்குகிறது.

சிறுவாச்சூர் பக்கம் பிளாட் போட்டு விற்காமல் கிடக்கும் ஒரு நகரின் நேரான தார்ச்சாலையில் விமானத்தை ஓட்டிப் பார்க்க நாள் குறித்துவிட்டார்கள். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் திறக்கும் அந்த ஊர்க் கோயில் திறந்திருக்கும் திங்கட்கிழமை, கும்பிட்டுவிட்டு. அனுமதி கினுமதி எல்லாம் அப்புறம், முதலில் ரெண்டடி எழும்பட்டும் என்றாராம் மச்சான். அதைக் கேள்விப்பட்ட அன்றே முதலாளிக்கு என் கணக்கை ஓர் அறிக்கையாகக் கட்டி அனுப்பினேன். மூன்று சக்கரத்துக்கும் கீழே தனித்தனித் தராசு வைத்து, ஆளையும் உட்கார வைத்து நிறுக்க வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே எழுதினேன். கடைசிப் பக்கத்தில் பில்: ரூபாய் இரண்டு லட்சம்.

அப்பாதான் முதலில் கூப்பிட்டார். “ஏன்டா மணி, சொந்தத்துக்குள்ள பில்லு போடுவியா? நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு உங்க மாமன் வூட்டுக்குப் போவேன்?”

“காசுக்காக இல்லப்பா.”

“காசுக்கு இல்லாம எதுக்குடா ரெண்டு லட்சம்?”

அடுத்து மச்சான் கூப்பிட்டார். “உன்னய வச்சி ஓட்டிக்கிட்டுப் போயி பள்ளிக்கூடத்துல வுட்ட சைக்கிளுக்கு நான் எவ்ளோ பில்லு போடட்டும் மாப்ள? சொல்லு, யூரோவுலயே சொல்லு.” நான் தொகையைக் குறைக்கவில்லை.

இந்தச் சண்டை வீடுவீடாகப் பரவியதில் ஒரு நன்மை நடந்தது. செல்வி அக்கா அழைத்தார்.

“தம்பி, ட்ரோனுக்கு எதுக்கு ரெண்டு லட்சம்? அவரு அதுல ஏறுறாரா?”

“ஆமாங்க்கா.”

“வச்சிடறேன்,” என்றார் அக்கா.

முதலாளி வேறு மாதிரி. இலவசமாகச் சொன்னபோது சிரித்தவர், தொகையைப் பார்த்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “ரெண்டு லட்சம் கேக்குறான்னா உள்ள ஏதோ இருக்கு. நிறுத்துப் பாத்துடுவோம். தப்புன்னா சல்லிக்காசு குடுக்க மாட்டேன்,” என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். மண்டியில் மூன்று மின் தராசுகளை வாடகைக்குப் பேசி, அப்பாவே ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு அரியலூர் போனார். என்மீது கோபம் தீர்ந்து அல்ல. மருமகன் உட்காரும் வண்டி என்பதால்.

நான் திரையில் இருந்தேன். செல்வி அக்காவும் வந்திருந்தார், வாசலோடு நின்றார். மச்சான் யாரையும் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தார். அப்பா மூக்குச் சக்கரத்துத் தராசின் எண்ணை உரக்கச் சொன்னார். இருக்க வேண்டியதைவிட ஒரு சின்ன மூட்டை வெங்காயம் அளவு குறைவாக இருந்தது, அந்தப் பாரம் பின்னால் போயிருந்தது. மறுபடி நிறுத்தார்கள். மறுபடியும் அதே. முதலாளி என் அறிக்கையின் பக்கத்தைப் புரட்டி, அந்த வரியைத் தேடி, விரலை வைத்தார். மச்சான் இறங்கி, எஞ்சினின் போல்ட்டை அன்றே கழற்றத் தொடங்கினார். திங்கட்கிழமை கோயிலுக்கு மட்டும் போனார்கள்.

தொகை என் பாடாலூர் வங்கிக் கணக்கில் விழுந்தது. திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று பலமுறை நினைத்தேன். கொடுத்தால் அது மறுபடி கருத்தாகிவிடும் என்று விட்டுவிட்டேன். இங்கே என் வரி ஆலோசகர், “இந்த வேலை எந்த நாட்டில் செய்யப்பட்டது?” என்று கேட்கிறார். கணக்குப் போட்ட மேசை இங்கே இருக்கிறது, கணக்கு பலித்த சக்கரம் அங்கே. ஏதாவது ஒரு நாட்டைச் சொல்லுங்கள் என்கிறார். இன்னும் சொல்லவில்லை.

போன வாரம் மச்சானிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. இலகுவான எஞ்சின் ஒன்று கோயம்புத்தூரில் பார்த்திருக்கிறாராம், அனுமதிக்கும் எழுதிப் போட்டிருக்கிறாராம். கீழே, என்னால் ஆன செலவுக் கணக்கு, ‘மாப்ள’ என்று ஓரிடத்திலும் கூப்பிடாமல்: “வணக்கம் சார். உங்க பீஸு ரெண்டு லட்சம். பழைய எஞ்சின வித்ததுல நட்டம் எம்பதாயிரம். தராசு வாடகை தொள்ளாயிரம். ஆக மொத்தம் ரெண்டு லட்சத்து எம்பதாயிரத்து தொள்ளாயிரம் ரூபா சார்.”